வாடகை வந்து கடனைக் கட்டும் என்றார்கள்

1

இங்கிலாந்துக்கு வந்து சரியாகப் பன்னிரண்டு வருடம் முடிந்த நாளில் எனக்கு வேலை போனது. அந்த நாளுக்காக என் மனைவி மலர்விழி கேசரி கிண்டியிருந்தாள். கேசரியும் கடிதமும் ஒரே மேசையில் இருந்தன.

நான் இங்கே ஒரு சிறிய நகரத்தின் உள்ளாட்சி மன்றத்தில் மினி பஸ் ஓட்டுகிறேன். ஓட்டினேன் என்று எழுத வேண்டும், இன்னும் பழகவில்லை. காலையில் வயதானவர்களை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு பகல்நேர மையத்தில் விடுவேன். அங்கே சூடான சாப்பாடும் பேச்சுத் துணையும் கிடைக்கும். மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவேன். அதற்கு முன் ஓசூர் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில், அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமில் பதின்மூன்று வருடம் நின்றவன். ஊத்தங்கரைக்காரியான மலர்விழிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்துவிட்டேன்.

கடிதம் மூன்று பக்கம். முதல் பக்கத்தில் என் சேவைக்கு நன்றி. இரண்டாம் பக்கத்தில் என் மனநலத்தின்மேல் மன்றத்துக்கு உள்ள அக்கறை, மனம் தளர்ந்தால் அழைக்க ஓர் எண். மூன்றாம் பக்கத்தின் அடியில்தான் மையத்தை மூடுகிறோம், உனக்கு வேலை இல்லை என்ற செய்தி. கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் இந்த ஊரில் முதலில் சால்வை போர்த்திவிட்டுத்தான் அறுப்பார்கள்.

காரணம் கடன். என் கடன் இல்லை, மன்றத்தின் கடன்.

உள்ளாட்சி கடன் வாங்குவதில் தப்பே இல்லை. ஒரு பாலமோ பள்ளிக்கூடமோ ஐம்பது வருடம் உழைக்கும். அதன் விலையை ஒரே வருட வரியில் உருவினால் ஊர் தாங்காது. பேரன் நடக்கப்போகிற பாலத்துக்குப் பேரனும் கொஞ்சம் கொடுக்கட்டும் என்று கடனாக வாங்கிப் பல வருடத்துக்குப் பிரித்துக் கட்டுவார்கள். நியாயமான ஏற்பாடு. இங்கே மத்திய அரசே உள்ளாட்சிகளுக்கு மலிவு வட்டிக்குப் பணம் தருகிறது. எதற்கு என்று அதிகம் துருவுவதும் இல்லை. எங்கள் மன்றத்துப் புத்திசாலிகள் அந்த மலிவுப் பணத்தைப் பார்த்தார்கள். பாலம் கட்டவில்லை. மால் வாங்கினார்கள்.

அதுவும் எங்கள் ஊரில் இல்லை. ரயிலில் மூன்று மணி நேரம் போக வேண்டிய வேறொரு நகரத்தில். எங்கள் ஊர்க்காரர் எவரும் அங்கே ஒரு கைக்குட்டை வாங்கியதில்லை. கடைகளின் வாடகை வரும், அதில் வட்டியைக் கட்டியது போக மிஞ்சுவதை வைத்துக் கிழவர்களுக்குச் சோறு போடலாம் என்பது திட்டம். ஜனங்கள் கைபேசியிலேயே துணி வாங்க ஆரம்பித்தார்கள். பெரிய கடை ஒன்று மூடியது, பிறகு அதன் நிழலில் பிழைத்த சின்னக் கடைகளும் மூடின. வாடகை நின்றது. வட்டி நிற்கவில்லை. அந்த மால் கட்டடத்தை விற்கலாம் என்று பார்த்தால் வாங்கிய விலையில் பாதிக்குக்கூடக் கேட்பார் இல்லை. ஆகவே சோறு நின்றது.

2

அடுத்த வாரம் நூலகக் கூடத்தில் விளக்கக் கூட்டம் வைத்தார்கள். என் மகள் இனியாவைத் துணைக்கு அழைத்துப் போனேன். பதினைந்து வயது. எனக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் அவசரத்தில் வராது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மன்றத்துக்கு ‘பரோ கவுன்சில்’ என்று பெயர். வட்டார மன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் சொல்லை நான் பன்னிரண்டு வருடமாக ‘பாரோ’ என்றே சொல்லி வந்திருக்கிறேன். ‘பாரோ’ என்றால் கடன் வாங்குவது. ‘பாரோ கவுன்சிலில் வேலை செய்கிறேன்’ என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். இனியா திருத்தித் திருத்தி அலுத்துவிட்டாள். இப்போது யோசித்தால், அந்தக் கூடத்தில் அதைச் சரியாக உச்சரித்தவன் நான் ஒருவன்தான்.

மேடையில் நிதி அதிகாரியான ஓர் அம்மா. சாம்பல் நிறக் கோட்டு, பூனைக்குட்டியைத் தடவுவது போன்ற குரல். சந்தைச் சூழல் எதிர்பாராதது என்றார். பாடம் கற்றுக்கொண்டோம் என்றார். எவ்வளவு தொகைக்குக் கற்றுக்கொண்டார்கள் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை. அவர் அடுத்த மாதம் வேறொரு மன்றத்துக்கு இதைவிடப் பெரிய பதவிக்குப் போகிறார் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

நான் கையைத் தூக்கி எழுந்தேன். “வாங்கும் முன்னால் உங்களில் யாராவது அந்த மாலுக்குப் போய்ப் பார்த்தீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. புரியாதது போல இருந்தாரா என்று தெரியவில்லை. கனிவாகத் தலையைச் சாய்த்து, “மன்னிக்கவும், இன்னொரு முறை?” என்றார். இன்னொரு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்க வாயெடுத்தபோது இனியா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, போதும். எல்லாரும் பாக்கறாங்க.”

உட்கார்ந்துவிட்டேன். என்னை அவமானப்படுத்தியது அந்த அம்மா இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இனியா மடிக்கணினியைத் திறந்தாள். பத்து நிமிடத்தில் மன்றத்தின் பழைய கூட்டக் குறிப்புகளை எடுத்துவிட்டாள். மால் வாங்க அனுமதித்த தீர்மானம், கடன் எத்தனை வருடத்துக்கு, யார் யார் கை தூக்கினார்கள், எல்லாம் இருந்தது. எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. ஒருவர் வாக்களிக்கவில்லை. அவர் அன்று விடுமுறையில் இருந்தார்.

“இது ஆறு வருஷமா வெப்சைட்ல இருக்குப்பா. நீங்க படிக்கவே இல்லையா?”

படிக்கவில்லை. இங்கே வந்த முதல் வருடமே எங்களைப் போன்றவர்களுக்கும் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு உண்டு என்று தெரிந்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய்க் குத்தியவன் நான். ஒவ்வொரு முறையும் ஒரே ஆளுக்குத்தான் போட்டேன். குப்பைத் தொட்டியை வாரா வாரம் எடுக்கச் செய்வேன் என்று துண்டுச்சீட்டு கொடுத்த ஆள். அவர் பெயரும் கை தூக்கியவர்கள் பட்டியலில் இருந்தது.

3

இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். போன வருடம் விடுமுறையில் வந்தபோது உங்கள் முன்னால் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஓசூரிலிருந்து பேருந்தில் போகிற தூரத்தில் இருக்கும் ஒரு நகராட்சி. பெயரை எழுதவில்லை. எழுதினால் என் அண்ணன் மாதேஷுக்குக் கோபம் வரும். அண்ணன் ஜூஜுவாடிப் பக்கம் மனை வாங்கி விற்கும் தரகர். பெங்களூர்க்காரன் ஒருவன் காரை நிறுத்தி இளநீர் குடித்தால் அதற்குள் ஒரு மனையை அவன் தலையில் கட்டிவிடக்கூடியவர். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் அண்ணி ரத்னம்மாவை நிறுத்தினார். அண்ணி ஜெயித்தார். அன்றிலிருந்து அண்ணன் கவுன்சிலர் ஆனார். கூட்டத்தில் உட்காருவது அண்ணன், கையெழுத்துக்கு மட்டும் அண்ணி. ஊரில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. அண்ணி என்றால் எனக்கும் ஒரு கையெழுத்துத்தான்.

அப்போது தெருவெல்லாம் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். செலவில் ஒரு பங்கு அரசு மானியம், ஒரு பங்கு வீட்டுக்காரர்கள் கட்டிய வைப்புத்தொகை, மிச்சம் நகராட்சி வாங்கிய கடன். குழாய் பதித்தாயிற்று. கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. அதாவது கிளம்ப வழி இருக்கிறது, போய்ச் சேர ஊர் இல்லை.

நான் அண்ணனோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பொறியாளரைப் பார்த்தேன். “எங்க ஊர்ல கடன் வாங்கினா எல்லாத்தையும் வெப்சைட்ல போடுவாங்க சார். எத்தனை வருஷம், என்ன வட்டி, எல்லாம் ஜனங்களுக்குத் தெரியும்” என்றேன். ‘எங்க ஊர்’ என்று நான் சொன்னது எந்த ஊரை என்று பாருங்கள்.

பொறியாளர் அசரவில்லை. “கடன நீங்க கட்டப் போறதில்ல, நானும் கட்டப் போறதில்ல சார். கவர்மென்ட் நமக்குத் தர்ற பங்குலயே மொதல்ல புடிச்சிக்கும். மிச்சந்தான் வரும். டீ சொல்லட்டுங்களா?”

டீ நன்றாக இருந்தது. அவர் சொன்னதும் முழு உண்மை. தவணை ஒருநாளும் தவறாது. ஆகவே கடன் கொடுத்தவனுக்குக் கவலை இல்லை, வாங்கியவனுக்கும் இல்லை. மிச்சம் குறைந்துபோவதால் தெருவிளக்கு எரியாது. குப்பை அள்ளுகிறவர்களுக்குச் சம்பளம் தள்ளிப்போகும். கவலைப்பட ஆள் அங்கேதான் நியமித்திருக்கிறார்கள்.

4

வேலை போன பத்தாம் நாள் அண்ணன் போன் செய்தார்.

“போனா போவுது வுடு, குமாரு. ஊருக்கு வந்துடு. நம்ம பஸ் ஸ்டாண்டுல மூணு மாடி காம்ப்ளெக்ஸ் வரப் போவுது. கீழ் வரிசையில ஒரு கடை நமக்குன்னு பேசி வெச்சிருக்கறேன்.”

“யார் காசுல கட்றாங்கண்ணா?”

“நகராட்சி கடன் வாங்குது. வாடகை வந்து கடனைக் கட்டிக்கும்.”

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மால் வாங்கிய எங்கள் மன்றத்தின் திட்டம், ஒரு சொல் மாறாமல், ஐயாயிரம் மைல் தாண்டி வந்திருந்தது. இங்கே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அண்ணன் சிரித்தார்.

“வெள்ளக்காரனுக்கு யாவாரம் தெரியலன்னா நாம என்ன பண்றது? இங்க மெட்ரோ வருதுன்றாங்க. வந்தா ஒரு கடை பத்துக் கடை வெலைக்குப் போவும்.”

“இருநூறு வருஷம் நம்மள வித்தவனுக்கு யாவாரம் தெரியாதாண்ணா?”

“நீ பஸ் ஓட்டறவன். உனக்கு எதுக்கு இதெல்லாம்” என்று வைத்துவிட்டார்.

பேச்சை அண்ணி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் அவரே கூப்பிட்டார். பன்னிரண்டு வருடத்தில் அண்ணி எனக்குத் தானாகப் போன் செய்தது அதுதான் முதல் முறை. பேரிகைப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம் அவருடையது. தமிழில் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் சின்னதாக நிறுத்துவார்.

“தம்பி, உங்க ஊர்ல அந்த மாலு வாங்கறப்போ கடையில ஆளுங்க இருக்கறாங்களான்னு யாரும் போயி பாக்கலையா?”

“பாத்ததாத் தெரியல அண்ணி. ஒரு கம்பெனிகிட்ட ரிப்போர்ட் வாங்கினாங்க.”

“ரிப்போர்ட் இங்கயும் குடுத்திருக்கறாங்க. தடியா இருக்குது. படத்துல பஸ் ஸ்டாண்டு பூரா மரம் வெச்சிருக்கறாங்க.” பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. “சரி, நான் போயி பாக்கறேன்.”

போய்ப் பார்த்தார். பேருந்து நிலையத்தில் ஏற்கெனவே நகராட்சி கட்டிய பழைய வணிக வளாகம் ஒன்று உண்டு. அதற்கும் ஒரு காலத்தில் கடன்தான். இருபத்திரண்டு கடையில் ஒன்பது பூட்டிக் கிடந்தன. மூன்றில் யாரோ வெங்காய மூட்டை அடுக்கியிருந்தார்கள். மிச்சமிருந்த கடைக்காரர்களிடம் கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் விசாரித்திருக்கிறார். கைபேசி பழுது பார்க்கும் ஒருவர் சொன்னது இது: “பஸ்ஸே உள்ள வர்றதில்லக்கா. எல்லாரையும் ஹைவேலயே எறக்கிட்டுப் போயிடறான். ஜனம் வராத எடத்துல நான் யாருக்கு ரிப்பேர் பண்றது?”

இவ்வளவுதான் ஆராய்ச்சி. ஒரு மதியம் ஆனது. எங்கள் பரோவில் படித்தவர்கள் யாருக்கும் அந்த ஒரு மதியம் கிடைக்கவில்லை.

5

மன்றக் கூட்டத்தன்று அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பியபோது அண்ணியும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“நீ எதுக்கு? கையெழுத்து சாயந்தரம் போட்டாப் போதும்.”

“பேரு யாருதுங்க இருக்குது? நானே போறேன். நீங்க வீட்ல இருங்க.”

அதன் பிறகு நடந்ததை அண்ணி எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன். பதினான்காம் பொருளாக இந்தக் கடனை வாசித்திருக்கிறார்கள். வாசித்தவர் முடிக்கும் முன்பே உறுப்பினர்கள் மேசையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மிக்சரும் டீயும் வந்துகொண்டிருந்தன. அண்ணி எழுந்து நின்றார்.

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். “உக்காரும்மா. மாதேஷு வரலையா?”

“அவரு கவுன்சிலர் இல்லீங்க.”

யாரோ சிரித்தார்கள். அண்ணி உட்காரவில்லை.

“பழைய காம்ப்ளெக்ஸ்ல ஒம்போது கடை பூட்டியிருக்குது. அதுக்கே வராத வாடகை மூணு மாடிக்கு எங்கிருந்து வரும்?”

“அது பழைய டிசைன் மேடம். இது மாடர்ன்” என்றார் பொறியாளர்.

“மாடர்னா கட்டினா பஸ்ஸு உள்ள வருமுங்களா?”

“அது வேற டிபார்ட்மென்ட் மேடம்.”

“வாடகை வரலன்னா?”

“கவர்மென்ட் பங்குல புடிச்சிக்குவாங்க. நமக்கு ஒண்ணும் இல்ல.”

“நம்ம பங்குதானே அது. அப்போ எதக் கொறைப்பீங்க? தண்ணி விடறதையா, குப்ப அள்றதையா?”

தலைவர் அடுத்த பொருளைப் படிக்கச் சொன்னார். குறிப்பேட்டில் ‘ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதினார்கள். அது எப்போதும் எழுதுவது. முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அண்ணி அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆணையர் அறைக்கு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அலுவலகம் மூடுகிற நேரத்தில் ஆணையர் வெளியே வந்து, ‘உறுப்பினர் ஒருவர் ஆட்சேபம் தெரிவித்தார்’ என்று சேர்த்துவிடலாம், வீட்டுக்குப் போங்கள் என்றார்.

“ஒருத்தருன்னு வேணாங்க சார். பேரு போடுங்க. எதுக்குன்னும் எழுதுங்க.”

எழுதினார்கள். கடன் நிற்கவில்லை.

இங்கே நான் உங்களுக்கு ஒரு நல்ல முடிவு சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். எங்கள் வார்டுக்குத் தண்ணீர் லாரி வருவது ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது போய் வாரத்துக்கு ஒருமுறை ஆனது. வார்டு ஜனங்கள் நகராட்சியைத் திட்டவில்லை. “சும்மா இருந்திருந்தா நமக்கு வரவேண்டியது வந்திருக்கும்” என்று அண்ணியைத்தான் திட்டினார்கள். கீழ் வரிசைக் கடை வேறொரு கவுன்சிலரின் மைத்துனருக்குப் போனது. அண்ணன் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அண்ணியோடு பேசுவதில்லை. என்னோடும் பேசுவதில்லை.

இனியாவிடம் இதைச் சொன்னேன். இரண்டு காதிலிருந்தும் இயர்போன்களைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள். அதுவே பெரிய மரியாதை.

“அப்போ பெரியம்மா நிறுத்திட்டாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு?”

இனியா தன் மடிக்கணினியில் இன்னும் திறந்தே கிடந்த அந்தக் கூட்டக் குறிப்பை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பு என்ற இடத்தில் சைபர். அதைப் பார்த்தபடியே, “இவங்க எல்லாருமே காலேஜ் போனவங்க” என்றாள். யாரிடமும் சொல்வது போல் இல்லை.

போன மாதம் அடிக்கல் நாட்டு விழா. எங்கள் மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. கறுப்புக் கிரானைட்டில் முகத்தைப் பார்க்கலாம் போலப் பாலிஷ் போட்டு, தலைவர் தொடங்கி எல்லா உறுப்பினர் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். அண்ணி பெயரையும். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அது தெரிந்து, அண்ணி கல் பட்டறைக்குப் பஸ் ஏறிப் போயிருக்கிறார்.

“என் பேர எடுத்துடுங்க.”

பட்டறைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பேரைப் பெரிதாகப் போடச் சொல்லித்தான் அவரிடம் சண்டைக்கு வருவார்களாம். “எழுத்து உள்ள வெட்டினதும்மா. அழிக்க முடியாது. செதுக்கி எடுத்தா கல்லுல பள்ளம் வுழும், அசிங்கமா தெரியும்” என்றிருக்கிறார்.

“வுழட்டுங்க” என்று சொல்லிவிட்டு, அவர் உளியை எடுக்கும்வரை அண்ணி அங்கேயே நின்றிருக்கிறார்.

டூல் ரூமில் என்னோடு வேலை செய்த நண்பன் விழாப் படத்தை அனுப்பினான். பந்தல், மாலை, பொறியாளரின் புதுச் சட்டை. தலைவர் கல்லைத் திறந்துவைத்துவிட்டுச் சிரிக்கிறார். படத்தைப் பெரிதாக்கினேன். உறுப்பினர் வரிசையில் ஏழாவது பெயருக்கும் ஒன்பதாவது பெயருக்கும் நடுவே, ஒரு கை நீளத்துக்குக் கல் சொரசொரவென்று வெளுத்துக் கிடக்கிறது.